விரிசலின் வயசு பார்த்து நார் போடுங்க: முற்றத்து மூடி, தொட்டி, வெளிப்பூச்சு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றில் கை வைத்தால் சிமெண்ட் வேலை மூன்று கட்டாயம் வரும். முற்றத்தைச் சுற்றி ஓடும் வடிகாலுக்கு மூடி, முகப்பு ஓரம் வைக்க ஒரு ஆள் தூக்கக்கூடிய செடித்தொட்டி, பின்கட்டில் புதிதாக எழுப்பிய செங்கல் சுவருக்கு வெளிப்பூச்சு. மூன்றுக்கும் "நார் போட்டா விரிசல் விடாதாமே" என்ற பேச்சும் வரும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பாக்கெட் வெள்ளை நார். அதையே மூன்றிலும் கொட்டுவதுதான் வழக்கம். பூச்சில் அது நன்றாக வேலை செய்யும். மூடியில் பாதி வேலை செய்யும். தொட்டியில் போட்டால் தொட்டி எப்படியும் உடையும்.

காரணம், விரிசல் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. எந்த வயசில் வருகிறது என்று பார்த்தால் எந்த நார் என்பது தானாகத் தெரியும்.

கலவை போட்ட முதல் ஆறு மணி நேரத்துக்குள் வருவது ஒன்று. மேல்பரப்பில் ஊறி வரும் தண்ணீரைவிட வேகமாகக் காற்றும் வெயிலும் அதை உறிஞ்சினால், இன்னும் இறுகாத மேல்தோல் சுருங்கிப் பிளக்கும். சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாகிறது என்றால் ஆபத்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் திறந்த முற்றத்தில் வேலை செய்தால் அந்த எல்லையைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. இரண்டாவது, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் கான்கிரீட் உள்ளே காய்ந்து சுருங்கும்போது வருவது. மூன்றாவது பாரத்தால் வருவது; ஆள் மிதித்தோ, தொட்டிக்குள் ஈரமண் வெளியே தள்ளியோ, சாமான் கீழே விழுந்தோ.

இனி நாரின் விறைப்பைப் பாருங்கள். இறுகிய கான்கிரீட்டின் விறைப்பு சுமார் 25 முதல் 30 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு; எண் கூடினால் விறைப்பு கூடுதல்). பாக்கெட்டில் வரும் பாலிப்ரொப்பிலீன் நார் 3.5 முதல் 5. கண்ணாடி நார் 72. இரும்பு 200. தன்னைவிட மெத்தென்ற நாரை இறுகிய கான்கிரீட்டுக்குள் வைத்தால், பாரம் வரும்போது கான்கிரீட்தான் முதலில் சுமக்கும். அது பிளந்த பிறகுதான் நாருக்கு வேலை. ஆனால் முதல் ஆறு மணி நேரத்தில் கான்கிரீட் தயிர் மாதிரிதான் இருக்கிறது. அப்போது பாலிப்ரொப்பிலீன் அதைவிட எவ்வளவோ பலசாலி. ஆகவே பாக்கெட் நார் முதல் நாள் விரிசலுக்கான மருந்து. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கம்பியைக் குறைத்துக்கொண்டு நாரைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

எண்ணிக்கையிலும் இந்த வித்தியாசம் தெரியும். கீழே சொல்லப்போகும் மூடிக்கு 12 லிட்டர் கலவை வேண்டும். அதில் 11 கிராம் பாலிப்ரொப்பிலீன் போட்டால், 30 மைக்ரான் தடிமன், 12 மிமீ நீளம் என்று கணக்கிட்டால், ஏறக்குறைய 14 லட்சம் இழைகள். அதே கலவைக்கு 360 கிராம் இரும்பு நார் வேண்டும் என்று 20 கேஜ் கட்டுக்கம்பியை 50 மிமீ துண்டுகளாக வெட்டினால் வருவது சுமார் 1,400 துண்டு. முதலாவது, ஊசி நுழையும் அளவு விரிசலைக்கூடத் தொடங்கும் இடத்திலேயே பிடிக்கும், ஆனால் கனமாக இழுத்தால் விட்டுவிடும். இரண்டாவது, நுண்விரிசலைக் கண்டுகொள்ளாது, பெரிதாகத் திறக்க வந்தால் விடாது.

கட்டுக்கம்பியை வெட்டிப் போடலாமா என்ற கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். ஒரு மூடிக்கு 1,400 வெட்டு, 70 மீட்டர் கம்பி. கட்டுக்கம்பி பதம் இறக்கிய மெத்தென்ற கம்பி. இழுவிசைத் தாங்குதிறன் ஆலையில் செய்யும் இரும்பு நாரில் பாதிகூட வராது. கட்டாயம் அதுதான் கைவசம் என்றால் இரண்டு முனையிலும் 5 மிமீ மடக்குங்கள். நேராக விட்டால் கலவையிலிருந்து வாழைப்பழத்தில் ஊசி மாதிரி உருவிக்கொண்டு வந்துவிடும்.

இரும்பு நார் வாங்கினால் இரண்டு முனையும் கொக்கி மடிப்புள்ளது, 30 முதல் 60 மிமீ நீளம், நீளத்தைத் தடிமனால் வகுத்தால் 50 முதல் 80 வருவது நல்லது. கனமீட்டருக்கு 20 முதல் 40 கிலோ. கான்கிரீட் உள்ளே இருக்கும் இழை துருப்பிடித்து வெடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். கம்பி போலத் தொடர்ச்சியாக இல்லாமல் தனித்தனித் துண்டாகக் கிடப்பதால், விரிசல் இல்லாத கான்கிரீட்டில் மேலே ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பவை மட்டும் துருப்பிடித்து அங்கேயே நின்றுவிடும். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கும் காரைக்குடியில் துருவைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. நம் பக்கத்துக்குத் தொல்லை வேறு: முற்றத்திலும் வளவிலும் எல்லாரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். மூடியின் மேல்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்பு நார் குழந்தையின் காலில் ஏறப் போதும். மழைக்குப் பிறகு மேலே செம்புள்ளியும் விழும். வண்டி நிற்கும் தரை, பின்வாசல் சரிவு போன்ற இடங்களுக்கு இரும்பு நார் சரி. முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் வேண்டாம். பாரமும் வேண்டும், காலிலும் குத்தக் கூடாது என்றால், 40 முதல் 50 மிமீ நீளமுள்ள தடித்த பிளாஸ்டிக் நார் வருகிறது. கனமீட்டருக்கு 3 முதல் 5 கிலோ. மெல்லிய பாக்கெட் நாரும் இதுவும் ஒன்றல்ல. கடைக்காரர் இரண்டையும் "ஃபைபர்" என்றே சொல்வார், கையில் வாங்கிப் பாருங்கள். தடித்தது துடைப்பக்குச்சித் துண்டு போல விறைப்பாக இருக்கும், மெல்லியது பஞ்சு போல.

கண்ணாடி நாரில் ஏமாறுவது எளிது. சிமெண்ட் கலவை கடும் காரம். அதன் கார அளவு 12.5 முதல் 13 வரை. சாதாரணக் கண்ணாடி நாரை அந்தக் காரம் தின்றுவிடும். போட்ட மாதம் பாறை மாதிரி இருக்கும், ஈரத்தில் சில வருடம் கிடந்தால் நார் இருந்த சுவடே பலத்தில் தெரியாது. சிர்கோனியா சேர்த்துச் செய்த, காரம் தாங்கும் கண்ணாடி நார்தான் சிமெண்டுக்கு. லேபிளில் "ஏ.ஆர்." என்று இருக்க வேண்டும், சிர்கோனியா 16 சதவீதம் அல்லது அதற்கு மேல். தண்ணீர்த் தொட்டிக்கு ரெசின் பூசும் கடையில் விற்கும் பாய் போன்ற நாரை வெட்டிப் போடாதீர்கள். அது காரம் தாங்காத வகை. அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசையும் ரெசினில் கரைவதற்காகச் செய்தது, தண்ணீரில் பிரியாது. கலவையில் கட்டியாகவே கிடக்கும்.

தேங்காய் நாருக்கு வருவோம். செலவில்லை, வீட்டிலேயே கிடக்கிறது, அதனால் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். இயற்கை நார்களில் சிமெண்டின் காரத்துக்குக் கொஞ்சமாவது தாக்குப்பிடிப்பது தேங்காய் நார்தான். மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னின் என்ற பொருள் அதில் அதிகம், 40 சதவீதத்தை ஒட்டி வரும். சணலும் ஆனைக்கற்றாழை நாரும் இழுவைக்கு அதைவிட உறுதி, ஆனால் காரத்தில் சீக்கிரம் போய்விடும். சுண்ணம் இழையின் உள்ளே புகுந்து படிந்து, நார் குச்சி போல ஒடியத் தொடங்கும். நனைந்து காய்ந்து நனைந்து காயும் இடத்தில் இது இன்னும் வேகம். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் எடுத்தால் சுண்ணத்தின் ஒரு பங்கைச் சாம்பல் பிடித்துக்கொள்ளும், நாரின் ஆயுள் கூடும். ஆனாலும் தேங்காய் நாரை நம்பித் தலைக்கு மேல் எதையும் தொங்கவிடக் கூடாது. தோட்டத்து வரப்புக்கல், செடி ஓரப் பலகை, மிதிகல் ஆகியவற்றுக்குப் போதும். ஜிப்சம் வேலை வேறு கதை. பொய்க்கூரை ஓரத்துப் பூவேலைக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தேங்காய் நார் வைப்பார்கள். அதில் காரம் இல்லை, நார் நீடிக்கும்.

வைக்கோல் மண்சுவருக்கு. சிமெண்டில் போட்டால் அதிலுள்ள சர்க்கரை சிமெண்டை இறுகவிடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்து, அதிலும் நார்தானே இருக்கிறது என்று கலவையில் போடும் யோசனை யாருக்காவது வந்தால், அந்த ஷீட்டைத் தொடவே விடாதீர்கள். உடைக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு எமன்.

முற்றத்து வடிகால் மூடி

அளவு 600 × 450 × 40 மிமீ. 300 மிமீ அகல வடிகாலுக்கு இரண்டு பக்கமும் 75 மிமீ உட்காரும். எடை சுமார் 26 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம். 12 லிட்டர் கலவைக்கு:

சிமெண்ட் 5 கிலோ, எம்-சாண்ட் 9.6 கிலோ, 6 முதல் 10 மிமீ சிப்ஸ் ஜல்லி 11.4 கிலோ, தண்ணீர் 2.3 லிட்டர், 12 மிமீ பாலிப்ரொப்பிலீன் நார் 11 கிராம். மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தைத் தண்ணீரில் கழிக்க வேண்டும். 5 சதவீத ஈரம் என்றாலே அது அரை லிட்டர்.

கம்பி உண்டு. குறுக்கே 420 மிமீ நீளத்தில் 6 மிமீ கம்பி ஆறு, 100 மிமீ இடைவெளி. நீளவாக்கில் 570 மிமீ நான்கு. மொத்தம் 4.8 மீட்டர், ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அடியில் கம்பியைத் தூக்கிப் பிடிக்க 15 மிமீ கவர் பிளாக் (சின்னக் கட்டை). குறுக்குக் கம்பிதான் அடியில் கிடக்க வேண்டும், ஏனென்றால் மூடி அந்தப் பக்கம்தான் வடிகாலைத் தாண்டுகிறது. மூடியைத் தலைகீழாக வைத்துவிட்டால் கம்பி மேலே போய்விடும், வேலை வீண். ஈரமாக இருக்கும்போதே மேல்பக்கம் ஆணியால் ஒரு குறி போட்டுவிடுங்கள்.

பாரத்தைக் கம்பி பார்த்துக்கொள்ளும். நார் இங்கே முதல் நாளுக்கு மட்டும். 40 மிமீ தடிமனுக்குப் பரப்பு அதிகம், காற்று வேகமாக உலர்த்தும், அதனால்தான் வேண்டும்.

கலக்கும் முறையில்தான் பாதி வேலை கெடுகிறது. மணலையும் ஜல்லியையும் உலர்ந்தபடி கலந்து பரப்பி, நாரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்துப் பிரித்து, விபூதி தூவுகிற மாதிரி தூவி, மூன்று முறை புரட்ட வேண்டும். பிறகு சிமெண்ட், மறுபடி இரண்டு புரட்டு, அதன் பிறகே தண்ணீர். ஈரக் கலவையில் நாரைக் கொத்தாகப் போட்டால் கொழுக்கட்டையாகச் சுருண்டுகொள்ளும். அதற்கப்புறம் எவ்வளவு புரட்டினாலும் பிரியாது.

நார் போட்ட கலவை பார்க்க விறைப்பாகத் தெரியும். உடனே கொத்தனார் "தம்பி, இன்னும் ஒரு சொம்பு ஊத்து" என்பார். அந்த ஒரு சொம்பு, நார் கொடுத்த நன்மை அத்தனையையும் திருப்பி எடுத்துக்கொள்ளும். தண்ணீர் கூடினால் சுருக்கமும் கூடும். கலவையைக் கரணையால் தட்டிப் பாருங்கள். தட்டும்போது நெகிழ்ந்து ஓடினால் போதும், சும்மா நிற்கும்போது விறைப்பாக இருப்பது நாரின் குணம். உண்மையிலேயே போதவில்லை என்றால் தண்ணீர் கூட்டாமலே கலவையை நெகிழவைக்கும் பிளாஸ்டிசைசர் 25 முதல் 50 மில்லி, தண்ணீர் வேண்டாம்.

அச்சில் கொட்டி, பலகையின் ஓரங்களை மரச்சுத்தியால் தட்டிக் காற்றை வெளியேற்றி, மட்டக்கோலால் இழுத்துவிடுங்கள். மேல்பரப்பைத் தேய்த்து மட்டமாக்கும் மணியாசுக் கட்டை உடனே போடக் கூடாது. மேலே மினுமினுக்கும் தண்ணீர் மறைந்து, கட்டைவிரலை அழுத்தினால் லேசாகப் பதியும் பதம் வந்த பிறகு போட்டால் நார் உள்ளே படுத்துக்கொள்ளும். அவசரப்பட்டால் கட்டை நாரை இழுத்து நிறுத்தி, மூடி முழுக்க முள்மயிர் மாதிரி நிற்கும். அப்படி நின்றுவிட்டால் 28 நாள் கழித்து, நன்றாகக் காய்ந்த பிறகு, கேஸ் டார்ச்சை வேகமாக ஒரு வீச்சு. பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஒரே இடத்தில் நிறுத்தினால் கான்கிரீட் தோல் தெறிக்கும்.

நார் போட்டாயிற்று என்று தண்ணீர் காட்டுவதைக் குறைக்க முடியாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் என்கிறது. வறண்ட வெப்பமான காலத்தில் அதுவே 10, 14. நம் ஊரில் வருடத்தில் பெரும்பகுதி இரண்டாவது கணக்குதான். ஈரச்சாக்கு போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தினால் நாளைக்கு ஒருமுறை நனைத்தால் போதும். சாக்கை மட்டும் போட்டால் மதியத்துக்குள் அப்பளமாகக் காய்ந்துவிடும்.

12 மிமீ சுவருள்ள தொட்டி

300 மிமீ கனசதுரத் தொட்டி. சாதாரணக் கான்கிரீட்டில் 40 மிமீ சுவர் வைத்தால் 34 கிலோ வரும். 12 மிமீ சுவரில் 11 கிலோவுக்குள் முடியும். ஆனால் 12 மிமீயில் கம்பி வைக்க இடமில்லை, ஜல்லிக்கும் இடமில்லை. ஈரமண் வெளியே தள்ளுவதையும், தூக்கும்போது மூலையில் விழும் இடியையும் நார் மட்டும்தான் சுமக்க வேண்டும். பாக்கெட் நார் இங்கே தோற்கும். காரம் தாங்கும் கண்ணாடி நார் ஒன்றே வழி.

சிமெண்ட் 5 கிலோ, சலித்த மணல் 5 கிலோ, தண்ணீர் 1.6 லிட்டர், பாதிக்குப் பாதி திடப்பொருள் உள்ள அக்ரிலிக் பாலிமர் 500 கிராம், பிளாஸ்டிசைசர் 25 முதல் 50 மில்லி, 12 மிமீ ஏ.ஆர். கண்ணாடி நார் 250 கிராம். மணல் 1.2 மிமீக்கு மேல் இருக்கக் கூடாது. ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையில் சலித்தால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வந்துவிடும். எம்-சாண்டில் தூள் அதிகமாக இருந்தால் ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகு எடை போடுங்கள். தூள் தண்ணீரைக் குடித்துவிட்டு, கலவை களியாகி நிற்கும்.

அக்ரிலிக் இரண்டு வேலை செய்கிறது. மெல்லிய சுவர் சீக்கிரம் உலர்ந்துபோகாமல் உள்ளேயே படலம் கட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதனால் ஏழு நாள் தண்ணீரில் ஊறவைக்கும் வேலை மிச்சம். இரண்டாவது, கண்ணாடி இழைக் கொத்தின் நடுவே சுண்ணம் புகுவதையும் குறைக்கும்.

நார் சேர்க்காமல் மற்றதை முதலில் டிரில்லில் மாட்டும் கலக்கியால் தோசைமாவு பதத்துக்குக் கலந்து, அதிலிருந்து ஒரு லிட்டரைத் தனியே எடுத்துவிடுங்கள். அது முகப்பூச்சு. மைக்கா ஒட்டிய பலகை அச்சின் உட்புறம் மெல்ல எண்ணெய் தடவி, இந்தப் பூச்சைப் பிரஷால் 2 மிமீ அடியுங்கள். வெளியே தெரிவது இதுதான், இதில் நார் இருக்கக் கூடாது. விரலில் ஒட்டாமல், ஆனால் அழுத்தினால் பதியும் நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். வெயிலைப் பொறுத்து 20 முதல் 45 நிமிடம். முந்திவிட்டால் நார் முகத்துக்கு வந்துவிடும். பிந்திவிட்டால் இரண்டு அடுக்கும் ஒட்டாமல், ஒருநாள் தோல் உரிவது போல முகம் கழன்று விழும்.

மீதிக் கலவையில் நாரைச் சேர்க்கும்போது கலக்கியின் வேகத்தைக் குறைத்து, ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. கண்ணாடி நார் நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிழைகள் சேர்ந்த கொத்து. கொத்தாக இருக்கும்வரைதான் அதற்குப் பலம். அதிகம் கலக்கினால் கொத்து பிரிந்து பஞ்சாகி, தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொண்டு கலவை ரொட்டிமாவாகும். அந்தக் கலவையைத் தண்ணீர் விட்டுத் திருத்த முடியாது. வேறு சில்லறை வேலைக்கு ஒதுக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

இரண்டு அடுக்காக, ஒவ்வொன்றும் 5 மிமீ, கையுறை போட்டு அழுத்த வேண்டும். கையுறை இல்லாமல் தொட்டால் இரண்டு நாளைக்கு உள்ளங்கை அரிக்கும். மூலைகளில்தான் தொட்டி உடையும்: அங்கே நார் இரண்டு சுவரையும் தாண்டிப் படுக்க வேண்டும், பக்கத்துச் சுவரோடு முடிந்துவிடக் கூடாது. கட்டைவிரலால் மூலையை உருட்டிவிடுங்கள், கூர்மூலை வேண்டாம். ஓர் ஆணியில் 12 மிமீயில் கோடு போட்டு வைத்துக்கொண்டு அங்கங்கே குத்திப் பாருங்கள். 8 மிமீ இருக்கும் இடம் கட்டாயம் ஒன்றாவது கிடைக்கும். அடியில் 15 மிமீ துளை மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் தாளால் மூடி, 24 மணி கழித்து அச்சைக் கழற்றலாம். மண் போட இரண்டு வாரம் பொறுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லில் நார் சேர்த்தால் உடையாதே என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். கண்ணாடித் தட்டின் மேல் ஊற்றும் வண்ணக் கலவைதான் அந்தக் கல்லின் உயிர்; அதில் ஒரு இழை விழுந்தாலும் பூவில் கீறல் விழும். பின்பக்கக் கலவையில் போட்டாலும் பெரிய லாபமில்லை, ஏனென்றால் அந்தக் கல் தனியே பாரம் தூக்குவதில்லை, அடியில் உள்ள படுக்கைதான் தூக்குகிறது. ஆத்தங்குடிக் கல் உடைகிறது என்றால் அடியில் கலவை சரியாகப் பரவவில்லை, வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

வெளிப்பூச்சு

இதில்தான் பாக்கெட் நார் தன் காசுக்கு முழுசாக உழைக்கும். 6 மிமீ நீளம் கேட்டு வாங்குங்கள். 12 மிமீ கரணையில் சுற்றிக்கொள்ளும். 50 கிலோ மூட்டைக்கு 125 கிராம். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற 1:5 கலவையில் 12 மிமீ கனத்துக்கு, 100 சதுர அடிக்கு 35 முதல் 40 கிலோ சிமெண்ட் வரும், நார் 90 முதல் 100 கிராம். மணலைச் சலிக்காமல் நாரை மட்டும் போடுவது வீண். சுவரை முந்தின நாளே நனைத்து, பூசும்போது ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் வடியக் கூடாது. மேற்குச் சுவரைக் காலையிலும், கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேலும் பூசினால் பாதி விரிசலுக்கு நாரே தேவைப்படாது.

செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் வரும் நேர்க்கோட்டு விரிசலுக்கு நார் பயன்படாது. இரண்டும் வெயிலில் வேறு வேறு அளவில் விரியும். அந்த அசைவு தினமும் உண்டு. அங்கே 250 மிமீ அகலத்துக்குக் கோழிவலையோ, காரம் தாங்கும் கண்ணாடி வலையோ ஆணியடித்துப் பூச வேண்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் இந்தப் பூச்சு கூடவே கூடாது. கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்த்து அடுக்கடுக்காக இழைத்த அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபடும். சாதாரண சிமெண்ட் பூச்சாவது அங்கங்கே பிளந்து, கோளாறு இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். நார் போட்டது பிளக்காது. உள்ளே சுண்ணாம்பு பொடியாகிக்கொண்டே இருக்க, ஒருநாள் மூன்றடிக்கு மூன்றடி பலகையாக அப்படியே கழன்று விழும். ஏற்கெனவே யாராவது பூசி வைத்திருந்தால் விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் டொப் டொப் என்று கேட்கும் இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்பிலேயே ஒட்டுப்போடுவதுதான் சரி.

தேங்காய் நார்: முன்வேலை

மிதிகல், வரப்புக்கல் செய்ய நினைப்பவர்களுக்கு: மேலே மூடிக்குச் சொன்ன அதே 12 லிட்டர் கலவையில் பாலிப்ரொப்பிலீனுக்குப் பதில் 75 கிராம் தேங்காய் நார், அதாவது சிமெண்ட் எடையில் ஒன்றரை சதவீதம். காய்ந்த எடை இது. கூட்டினால் பலம் கூடாது; கலவை இறங்காமல் உள்ளே பொந்து விழும்.

நாரை உதறி நார்த்தூளை முழுக்க எடுத்துவிட்டு, 25 முதல் 30 மிமீ நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள். பழுப்பாக இறங்குவது துவர்ப்பும் சர்க்கரையும். சிமெண்ட் இறுகுவதைத் தள்ளிப்போடுவது அவைதான். போதுமா என்று தெரிய வடை தட்டிப் பாருங்கள்: கடைசியாக மாற்றிய ஊறல் தண்ணீரில் பிசைந்த சிமெண்ட் வடை ஒன்று, நல்ல தண்ணீரில் பிசைந்தது ஒன்று. மறுநாள் நகத்தால் கீறினால் இரண்டும் ஒரே மாதிரி இறுகியிருக்க வேண்டும். முதல் வடையில் நகம் இறங்கினால் நார் இன்னும் ஊற வேண்டும், அல்லது இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள். கலவையில் போடும்போது நார் பிழிந்த ஈரத்துடன் இருக்க வேண்டும். காய்ந்த தேங்காய் நார் தன் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலோ தண்ணீரைக் குடிக்கும். அதைச் சிமெண்டிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் கலந்த பிறகு கடைசியில், நாரைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள்.

எந்த நாரானாலும் பெரிய வேலைக்கு முன் ஒரு சின்னச் சோதனை. 300 × 100 × 12 மிமீ பலகைகள், நார் இல்லாமல் ஒன்று, கைவசமுள்ள ஒவ்வொரு நாருக்கும் ஒன்று, ஒரே மணல், ஒரே தண்ணீர் அளவு, ஜல்லி இல்லாமல். ஏழு நாள் ஈரத்தில் வைத்து, 250 மிமீ இடைவெளியில் இரண்டு செங்கல்மேல் பாலமாக வைத்து, நடுவில் கயிறு கட்டி வாளியைத் தொங்கவிட்டுச் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளி தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருந்தால் போதும். நார் இல்லாத பலகை 10 முதல் 20 கிலோவுக்குள் டக்கென்று இரண்டாகும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல். பாலிப்ரொப்பிலீன் பலகை ஏறக்குறைய அதே எடையில்தான் பிளக்கும். ஆனால் இழைகள் இரண்டு துண்டையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நிற்கும். தேங்காய் நார்ப் பலகை பிளந்த பிறகு நன்றாகத் தொய்ந்து தொங்கும். கண்ணாடி நார்ப் பலகைக்கு ஒரு வாளி போதாது, இரண்டாவதையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிளந்த வாயில் நார் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். அறுந்து நின்றால் நார் முழுசாக உழைத்திருக்கிறது. வழுவழுவென்று நீளமாக உருவி வந்திருந்தால் பிடிப்பு போதவில்லை, நீளம் கூட்ட வேண்டும் அல்லது தண்ணீரைக் குறைக்க வேண்டும். கொத்தாக ஒரே இடத்தில் கிடந்தால் கலக்கியதில் கோளாறு.